ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்க ஆள் உண்டு, நிறுத்த யார்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நடுத்தர அளவு மருத்துவமனை. தொற்றுநோய் நிபுணர் கிடையாது. நுண்ணுயிரியல் லேப் இருக்கிறது, மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். கமிட்டி போட்டாயிற்று, வழிகாட்டிக் கையேடு அச்சடித்து எல்லா வார்டுக்கும் கொடுத்தாயிற்று, சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. ஆனாலும் பலவகைக் கிருமிகளை ஒருசேரத் தாக்கும் பரந்த வீச்சு மருந்துகளான மெரோபெனமும் பைபரசிலின்-டாசோபாக்டமும் போன வருடத்தைவிட அதிகமாகத்தான் செலவாகின்றன. டாக்டர்களைப் பொறுப்போடு மருந்து எழுத வைப்பது எப்படி, அதன் பலனை அளப்பது எப்படி?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மருந்தைத் தொடங்கும் நேரத்தையே பார்க்கிறது. நான் பார்த்த வரையில், மருத்துவமனைகளில் வீணாகும் ஆன்டிபயாட்டிக்கில் பெரும்பகுதி தவறாகத் தொடங்கியதால் வீணாவதில்லை, சரியாகத் தொடங்கியதை யாரும் நிறுத்தாததால் வீணாகிறது. உங்கள் கையேடும் பெரும்பாலும் எந்த நோய்க்கு எதைத் தொடங்கலாம் என்றுதான் சொல்லியிருக்கும். அதை எழுதுவது சுலபம். மூன்றாம் நாள் அந்த மருந்தை யார் திரும்பிப் பார்ப்பது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடு இரவில் காய்ச்சலோடு, ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் ஒரு நோயாளி வருகிறார். டியூட்டி டாக்டர் பரந்த வீச்சுள்ள ஒரு மருந்தைப் போடுகிறார். அது சரிதான். செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகளே செயலிழக்கத் தொடங்கும் நிலை) பற்றி 2021-ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலும் இப்படி ரத்த அழுத்தம் இறங்கி அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போகவேண்டும் என்கிறது. அதிர்ச்சி இல்லை, தொற்றுதானா என்பதும் சந்தேகம் என்றால் மூன்று மணி நேரம் வரை வேகமாகச் சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இரவு டாக்டரைக் குறைசொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்றாம் நாள்? கல்ச்சர் ரிசல்ட் (ரத்தத்தில், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று லேப் பார்த்த முடிவு) வந்துவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மருந்து மட்டும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருக்கிறது. தொடங்கியவர் வேறு டியூட்டிக்குப் போய்விட்டார். பகலில் பார்ப்பவர் “ஏதோ காரணம் இருந்துதான் போட்டிருப்பார்” என்று நினைக்கிறார். அறுவை மருத்துவர் பொது மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிறார், இவர் அவர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிறார். இதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. தேவையில்லாமல் ஏழு நாள் கொடுத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. நிறுத்திய மறுநாள் காய்ச்சல் வந்தால் நிறுத்தியவரைத்தான் கேட்பார்கள். இந்த நிலையில் எந்த டாக்டரும் நிறுத்தமாட்டார், நானாக இருந்தாலும் தயங்குவேன். ஆகவே உங்கள் திட்டம் செய்யவேண்டிய முதல் வேலை, நிறுத்தும் முடிவுக்கு ஒரு சொந்தக்காரரை உண்டாக்குவது, அந்தப் பயத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்வது.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மருந்து எழுதும்போதே இரண்டு விஷயம் கேஸ் ஷீட்டில் இருக்கவேண்டும்: எதற்காக, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது. “காய்ச்சல்” என்பது காரணம் ஆகாது. “நிமோனியா என்று சந்தேகம்” என்றால் சரி. அப்புறம், தினமும் காலையில் மருந்தாளுநர் ஒரு பட்டியல் எடுக்கவேண்டும். எல்லா ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், மூழ்கிப்போவீர்கள். மெரோபெனம், பைபரசிலின்-டாசோபாக்டம், வான்கோமைசின், கொலிஸ்டின் என்று நான்கைந்து மருந்துகள், அவற்றில் 48 முதல் 72 மணி நேரத்தைத் தொட்ட நோயாளிகள் மட்டும். மருந்தாளுநரும் நுண்ணுயிரியலாளரும் அந்தப் பட்டியலோடு வார்டுக்கே போய், சிகிச்சை தரும் டாக்டரிடம் நேரில் பேசவேண்டும். இங்கிலாந்து 2011 முதல் மருத்துவமனைகளுக்குச் சொல்லிவரும் முறையில் இந்த மறுபரிசீலனையின் முடிவு ஐந்தில் ஒன்றாக இருக்கவேண்டும்: நிறுத்துவது, மாத்திரைக்கு மாறுவது, வேறு மருந்துக்கு மாற்றுவது, தொடர்வது, வீட்டிலிருந்தே ஊசி மருந்தைத் தொடர ஏற்பாடு செய்வது. தொடர்வதும் ஒரு முடிவுதான், ஆனால் அதற்கும் காரணமும் அடுத்த தேதியும் எழுதியாகவேண்டும்.

நேரில் போவதை அழுத்திச் சொல்கிறேன். கேஸ் ஷீட்டில் ஒட்டிவைக்கும் குறிப்பை யாரும் படிப்பதில்லை, படித்தாலும் கண்டனமாகத்தான் படிக்கிறார்கள். போனில் பேசினால் விவாதமாகிவிடும். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று “இப்போது நாம் எந்தத் தொற்றுக்கு மருந்து கொடுக்கிறோம்?” என்று கேட்டால், பாதி நேரம் டாக்டரே யோசித்து “நிறுத்திவிடலாமே” என்பார். பேசிய முடிவை மருந்தாளுநரும் நுண்ணுயிரியலாளரும் கொண்ட இந்தக் குழுவும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யவேண்டும். பயத்தில் பங்கெடுப்பது என்று மேலே சொன்னது அந்தக் கையெழுத்தைத்தான்.

“நிறுத்தினால் நோயாளி செத்துப்போனால்?” என்று கேட்கும் மூத்த மருத்துவர் எல்லா ஊரிலும் உண்டு. அவருக்குக் காட்ட ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. மருத்துவமனைகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைச் சீர்படுத்தும் முயற்சிகளைப் பற்றிய 221 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆதாரங்களை அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2017-ல் ஓர் அலசல் வெளியிட்டது. சிகிச்சைக் காலம் சராசரியாக 11 நாளிலிருந்து ஏறக்குறைய 2 நாள் குறைந்தது. இறப்பு விகிதம் முயற்சி நடந்த பக்கமும் நடக்காத பக்கமும் 11 சதவீதம், அதாவது கூடவில்லை. சுவரொட்டிகளில் போடும் உலகக் கணக்கைவிட இது பலன் தரும். 2019-ல் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்ற கணிப்பு உண்மைதான், பயங்கரமானதும்தான். ஆனால் முன்னால் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றிய பயத்தை உலகத்தைப் பற்றிய கவலை ஜெயிப்பதில்லை. அந்த நோயாளிக்கே என்ன கெடுதல் என்று சொல்லுங்கள்: சிறுநீரகப் பாதிப்பு, க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு, இதே நோயாளிக்கு அடுத்து வரும் தொற்று எதற்கும் கட்டுப்படாத கிருமியால் வருவது. அது காதில் ஏறும்.

முன் அனுமதி முறை வேண்டுமா என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். குறிப்பிட்ட மருந்துகளைக் குழுவின் அனுமதி இல்லாமல் தரக்கூடாது என்பது வேகமாகப் பலன் தரும், சந்தேகமில்லை. கூடவே எல்லா நோயாளிக்கும் “செப்சிஸ்” என்று எழுதும் பழக்கமும் வரும், இரவில் அனுமதி தர ஆள் இல்லாமல் முதல் டோஸ் தாமதமாகும் ஆபத்தும் வரும். என் கருத்து, அனுமதியை மிகச் சில மருந்துகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறது: முதலில் எடுக்கக்கூடியவை, கவனித்து எடுக்கவேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைத்தவை. கொலிஸ்டின், லினசோலிட், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் எல்லாம் மூன்றாவது குழு. அதற்கு மட்டும் அனுமதி, அதிலும் முதல் டோஸுக்கு விலக்கு. மற்றதெல்லாம் மூன்றாம் நாள் பேச்சிலேயே சரியாகும்.

அந்தப் பேச்சு நடக்க வேண்டுமென்றால் கையில் கல்ச்சர் இருக்கவேண்டும். பல மருத்துவமனைகளில் திட்டம் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் டோஸுக்கு முன்னால் ரத்தம் எடுக்காவிட்டால் மூன்றாம் நாள் யாருக்கும் நிறுத்தத் தைரியம் வராது. பெரியவர்களுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் (ஒரு செட் என்பது இரண்டு பாட்டில்), ஒரு செட்டுக்கு 20 மில்லி அளவு. ஒரே பாட்டிலில் 3 மில்லி எடுத்து அனுப்பிவிட்டு “கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை” என்பதில் அர்த்தமில்லை. இது முழுக்கச் செவிலியர்கள் கையில் இருக்கும் விஷயம். ஆனால் அவர்களைக் கமிட்டியில் சேர்ப்பதே இல்லை. ஐசியுவிலிருந்து ஒரு மூத்த செவிலியரைச் சேர்த்துப் பாருங்கள். எந்த டோஸ் எப்போது தவறுகிறது, எந்தச் சிறுநீர்க்குழாய் தேவையில்லாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

தேவையில்லாத கல்ச்சர் இதற்கு நேர்மாறான தொல்லை. சிறுநீர்க்குழாய் போட்ட நோயாளியின் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாறுகிறது என்று லேபுக்கு அனுப்புகிறார்கள். கிருமி வளர்கிறது. வளரத்தான் செய்யும், குழாய் நாள்கணக்கில் உள்ளே இருந்தால் கிருமி குடியேறிவிடும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்குகிறார்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு, கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதையில் சவ்வு கிழியும் வகை அறுவைக்குப் போகிறவர்களுக்கும் தவிர, பெரும்பாலும் மருந்து தேவையில்லை. சளியில் வளரும் கேண்டிடா பூஞ்சையும் அப்படித்தான். அதைப் பார்த்து ஆன்டிஃபங்கல் எழுதுவது ஐசியுக்களில் ஒரு வியாதியாகவே இருக்கிறது. லேப் இங்கே ஒரு நல்ல தந்திரம் செய்யலாம். சாதாரண மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்றால் ரிப்போர்ட்டில் அவற்றை மட்டும் காட்டி, மெரோபெனம் வரியை மறைத்துவைக்கலாம், கேட்டால் சொல்லலாம். கண்ணில் படாததை யாரும் எழுதுவதில்லை. யாரையும் திருத்தாமல், யாரோடும் சண்டை போடாமல் மாற்றம் கொண்டுவரும் வழிகளில் இது எனக்கு மிகப் பிடித்தது.

இனி நாள் கணக்கு. 7, 10, 14 என்று நாம் எழுதும் எண்களில் பலவற்றுக்கு ஆய்வை விடப் பழக்கமே ஆதாரம். மருத்துவமனைக்கு வெளியே பிடித்து வரும் நிமோனியாவில் நோயாளி தெளிந்துவிட்டால் 5 நாள் போதும். வயிற்றுக்குள் தொற்று, சீழை வடித்துத் தொற்று கிளம்பிய இடத்தைச் சரிசெய்தாயிற்று என்றால் ஏறக்குறைய 4 நாள் போதும் என்று 2015-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ரத்தத்தில் கிருமி வந்தவர்களுக்கு 7 நாளா 14 நாளா என்று 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் வந்தது. இறப்பில் 7 நாள் 14 நாளைவிட மோசமாக இல்லை. இதைச் சொல்லும்போது விதிவிலக்குகளையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் வந்தால் குறைந்தது 14 நாள், அந்த 2024 ஆய்விலேயே அந்தக் கிருமியைச் சேர்க்கவில்லை. இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்றுக்கெல்லாம் வாரக்கணக்கு. காசநோய் வேறு உலகம், அதில் மாதக்கணக்கில் ஒரு நாளும் விடக்கூடாது. எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லும் குழு என்று பெயர் வாங்கிவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. குறைவாகக் கொடுத்திருக்கும் இடத்தில், டோஸ் போதாத இடத்தில், “கூட்டுங்கள்” என்று நீங்களே போய்ச் சொல்லவேண்டும். முக்கியமாக செப்சிஸோடு வந்த முதல் இரண்டு நாள் சிறுநீரக ரிசல்ட்டைப் பார்த்துப் பயந்து டோஸைக் குறைத்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்தச் சிறுநீரகம் 48 மணி நேரத்தில் தேறிவிடுகிறது, குறைந்த டோஸ் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறுவது அதிகம் சண்டையில்லாத வேலை. லெவோஃப்ளாக்சசின், லினசோலிட், மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் எல்லாம் வாய்வழி கொடுத்தாலும் கிட்டத்தட்ட முழுதாக ரத்தத்தில் சேர்பவை. நோயாளி சாப்பிடுகிறார், குடல் வேலை செய்கிறது என்றால் இவற்றை நரம்பு வழி ஏற்றுவதில் லாபம் ஒன்றுமில்லை, நரம்பு ஊசி வழியாக ஒரு புதுத் தொற்று வரும் வாய்ப்புதான் மிச்சம். எலும்பு, மூட்டுத் தொற்றுகளில்கூட முதல் ஆறு வாரம் மாத்திரை கொடுத்தவர்களும் ஊசி போட்டவர்களும் ஓராண்டு கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள் என்று 2019-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு காட்டியது. இந்த மாற்றத்துக்கான பரிந்துரையை மருந்தாளுநரே எழுதலாம் என்று நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டால் போதும். மெரோபெனத்தோடு மெட்ரோனிடசோலையும் சேர்த்துப் போடுவதும் இதேபோல மருந்தாளுநர் பார்த்ததும் பிடிக்கக்கூடியது. காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளை மெரோபெனமே பார்த்துக்கொள்ளும், இரண்டாவது வேண்டாம்.

அறுவை அரங்குக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்து தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போகவேண்டும் (மெதுவாக ஏற்றவேண்டிய வான்கோமைசினை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கலாம்). செஃபசோலின் கொடுத்து அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். தையல் போட்டு முடித்ததும் வேலை முடிந்தது. முடிந்த பிறகும் தொடரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. “வடிகுழாய் இருக்கிறதே” என்பதும் காரணம் ஆகாது. இதெல்லாம் எல்லா அறுவை மருத்துவருக்கும் தெரியும். தெரிந்தும் ஐந்து நாள் எழுதுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய ஆசிரியர் எழுதினார். பாடம் நடத்தி இதை மாற்ற முடியாது. முதல் டோஸை மயக்க மருத்துவரின் பொறுப்பாக்குங்கள், அறுவைக்கு முந்தைய சரிபார்ப்பில் அது ஒரு கட்டமாக இருக்கட்டும். அரங்குக்கு மருந்தகம் ஒரு டோஸ்தான் அனுப்பும், வார்டில் தொடரவேண்டுமானால் தனியாகக் காரணம் எழுதிக் கேட்கவேண்டும். அந்த ஒரு சின்னச் சிரமமே பாதியைக் குறைத்துவிடும்.

பெனிசிலின் ஒவ்வாமை பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிகளில் பத்தில் ஒருவரின் தாளில் “பெனிசிலின் அலர்ஜி” என்று இருக்கும். முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வரியால் அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் வீச்சு அதிகமான, வேலைத்திறன் குறைவான மருந்து போகிறது. என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு நேரத்தில் என்று மூன்று கேள்வி கேட்டாலே பலருடைய கதை கரைந்துவிடும்: சின்ன வயதில் வாந்தி வந்தது, அம்மாவுக்கு அலர்ஜி இருந்தது என்பது போல. ஆபத்து குறைவு என்று தெரிந்தவர்களுக்குக் கண்காணிப்பில் வாய்வழி அமாக்சிசிலின் கொடுத்துப் பார்க்கலாம். தோல் உரிந்து போகும் வகை எதிர்வினை வந்தவர்களிடம் இந்தச் சோதனையின் பக்கமே போகக்கூடாது.

அளப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்துக்கு ஆன செலவை அளக்காதீர்கள். விலை மாறினால் வரைபடம் பொய் சொல்லும். மொத்த கிராமை உலக சுகாதார நிறுவனத்தின் நிலையான தினசரி டோஸால் வகுக்கும் முறை சுலபம், ஆனால் சிறுநீரகக் கோளாறுக்காக டோஸ் குறைத்தவர்களையும் குழந்தைகளையும் அது தவறாகக் காட்டும். முடிந்தால் 1000 நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒன்று) எத்தனை மருந்து-நாள் (ஒரு மருந்து ஒரு நாள் போனால் ஒன்று) என்று எண்ணுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு மருந்து போனால் இரண்டாகக் கணக்கு. யூனிட் வாரியாகப் பிரித்து, மாதாமாதம் அந்தந்த யூனிட்டுக்கே கொடுங்கள், பக்கத்து யூனிட்டின் கோட்டையும் சேர்த்து. டாக்டர்களுக்குள் இருக்கும் போட்டி மனப்பான்மைக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது. ஆனால் தண்டனையோடு இணைக்காதீர்கள், இணைத்த மாதமே காரணங்கள் எல்லாம் “செப்சிஸ்” ஆகிவிடும். கூடவே இறப்பு, திரும்ப அட்மிட் ஆவது இரண்டையும் கணக்கில் வையுங்கள். கேள்வி வரும்போது காட்ட வேண்டியிருக்கும்.

நிர்வாகத்திடம் ஒரு விஷயத்தில் கவனமாகப் பேசுங்கள். ஒரே வருடத்தில் மருந்து எதிர்ப்பு குறைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எதிர்ப்புக் கிருமி பரவுவது கைகழுவுவதையும், தனிமைப்படுத்துவதையும், வெளியிலிருந்து வரும் நோயாளிகளையும் பொறுத்தது. பயன்பாடு குறைந்தும் எதிர்ப்பு அப்படியே நிற்கலாம். மருந்து-நாள் குறையும், பக்கவிளைவு குறையும் என்று மட்டும் சொல்லுங்கள். பதிலுக்கு ஆட்களின் நேரத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2014-ல் மருத்துவமனைகளுக்கென்று ஏழு அடிப்படைக் கூறுகளை வெளியிட்டு 2019-ல் திருத்தியது. அதில் முதலாவது நிர்வாகத்தின் உறுதி, அதாவது இந்த வேலைக்கென்று நேரமும் ஆளும் ஒதுக்குவது. மருந்தாளுநருக்குத் தினமும் இரண்டு மணி நேரம் வேறு வேலை கிடையாது என்று எழுத்தில் வாங்குங்கள். “இருக்கிற வேலையோடு இதையும்” என்று தொடங்கிய எதுவும் மூன்று மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

தொடக்கத்துக்கு ஒத்துழைக்கும் ஒரு வார்டு போதும், பெரும்பாலும் அது ஐசியுவாக இருக்கும். முரண்டு பிடிக்கும் மூத்தவரைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். அச்சடித்த கையேட்டைத் தூக்கிப் போடவேண்டாம், நோய்க்கு ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். வேறெங்கோ எழுதிய பட்டியலைவிட உங்கள் லேப் கண்ட கிருமிகளில் எத்தனை சதவீதம் எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்ற கணக்கு அதில் இருக்கட்டும். ஒரு நோயாளிக்கு வருடத்தில் ஒவ்வொரு கிருமி வகையிலும் முதலில் வளர்ந்ததை மட்டும் எண்ணவேண்டும், குறைந்தது 30 கிருமியாவது இல்லாத வகைக்குச் சதவீதம் போடக்கூடாது. ஐசியு கணக்கையும் பொது வார்டு கணக்கையும் பிரித்துப் போடுங்கள். இரண்டையும் கலந்து போட்டால் பொது வார்டில் படுத்திருக்கும் சாதாரண நிமோனியாவுக்கும் ஐசியு மருந்து எழுத அந்தத் தாளே சாக்காகிவிடும்.